திரும்பா மறவர்

(அரிமளத்தில் நிகழ்ந்த பொழிவின் எழுத்துவடிவம்)



கதை கேட்டு வளர்ந்த மண் இது. புதுக்கோட்டை வட்டாரத்தில் ஊர்த்திருவிழா என்றால் நாடகம் உண்டு. சங்கரதாசு அடிகளின் வள்ளிதிருமணமும் பவளக்கொடியும் விடிய விடிய நடக்கும். ஊர்ப்புறத்தே ஐயனார், அவர்க்குமுன் மண்குதிரை, பக்கத்தே கருப்பரும் மதுரைவீரனும். குளமங்கலத்துப் பெருங்குதிரையை அறியாதார் இப் பகுதியில் இலர். ஆயினும், காவல்நிற்கும் இம் மறவர் எங்கிருந்து புறப்பட்டனர், எங்கே சென்றனர், வீடு திரும்பினரா என்று வினவியவர் எத்துணைப் பேர்?

மேலைநாட்டார் வினவினர். 1909-இல் ஓட்டோ இராங்கு என்பார் கதைத்தலைவர்தம் பிறப்புக்கதைகளை ஒப்புநோக்கினார். 1936-இல் இரேகலன் பெருமகனார் 22 கூறுகள் கொண்ட பட்டியலொன்று வகுத்தார். 1949-இல் அமெரிக்கரான சோசப்பு காம்பெல், ஆயிரம் முகமுடைய தலைவன் என்னும் பொருள்படப் பெயரிட்ட நூலில், உலகக் கதைகட்கெல்லாம் அடிப்படை ஒன்றே என்றார். தலைவன் தன் ஊரினின்று பிரிகிறான். அறியா நிலத்தில் இடர்களை வெல்கிறான். பெற்ற பேற்றோடு தன் மக்களிடம் மீள்கிறான். பிரிவு, தேர்வு, மீட்சி என மூன்றே படி! 1977-இல் உடுப்போர் பற்றிய அமெரிக்கத் திரைப்படம் எடுத்த சியார்ச்சு இலூக்காசு, இந்நூல் தமக்கு வழிகாட்டிற்று என்று வெளிப்படையாகவே கூறினார். அதன்பின் திரைக்கதை எழுதுவோர்க்கு இது மனப்பாட வாய்பாடாயிற்று.

வாய்பாடு நன்று. அதனை நம் கதைமேல் வைத்துப் பார்ப்போம்.

நெல்லைச் சீமையில் வில்லுப்பாட்டாக வழங்கும் முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்க. பட்டன் பார்ப்பனக் குடியினன். உடன்பிறந்தாரை வெறுத்து வீட்டை நீங்குகிறான். காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்னும் அருந்ததியப் பெண்கள் இருவரைக் கண்டு காதல்கொள்கிறான். அவர்தம் தந்தை வாலப்பகடை எளிதில் இசைந்தானா? இல்லை. குடுமியைக் களை, பூணூலை அறு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொள் என்றான். பட்டன் அனைத்தும் செய்தான். இதனினும் கடிய தேர்வு எந்நாட்டுக் கதையில் உண்டு? பூதத்தை வெல்வது எளிது; குலச்செருக்கை வெல்வது அரிது. மணம் முடிந்த சூட்டில் ஆநிரையைக் கள்வர் கவர்ந்தனர் என்ற செய்தி வருகிறது. மீட்கச் சென்ற பட்டன் பகைவரை வீழ்த்தியும், மறைந்திருந்த ஒருவன் கையால் மாண்டான். மனைவியர் இருவரும் தீப்பாய்ந்தனர்.

பிரிவு உண்டு, தேர்வு உண்டு, மீட்சி எங்கே?

மதுரைவீரனும் அத்தகையனே. பொம்மியைக் கொண்டு சென்றான். திருமலை நாயக்கர்க்காகக் கள்வரை அடக்கினான். இறுதியில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மாண்டான். காத்தவராயன் கழுவேறினான். இவருள் ஒருவரும் வீடு திரும்பவில்லை.

ஈண்டு மற்றொன்றும் நோக்குதல் வேண்டும். மதுரைவீரன் காசியரசன் மகனாம். கொடிசுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டானாம். அருந்ததியர் எடுத்து வளர்த்தாராம். 1956-இல் வந்த திரைப்படமும் அரசமகனாகவே அவனைக் காட்டிற்று. இரேகலன் பட்டியலில் இது நன்றாகவே பொருந்தும்: அரசன் மகன், பிறந்தபோதே கேடு, பிறர் வளர்ப்பு. பொருந்துகிறதே என்று மகிழ்வது பேதைமை. பொருத்தியவர் யார் என்று கேட்பதே ஆராய்ச்சி. கதைப்பாடல்களைத் தொகுத்தாய்ந்த நா. வானமாமலை, முத்துப்பட்டன் மனைவியர் பார்ப்பனக் குடியிற் பிறந்து பகடையால் வளர்க்கப்பட்டோர் என்னும் பகுதி பிற்காலப் பூச்சே என்று சுட்டிக்காட்டினார். அருந்ததியன் மகன் நாயக்கர் மகளை மணந்தான் என்று பாட நாக்கூசியோர், காசியிலிருந்து ஓர் அரசனை வருவித்தனர். உழைக்குங் குடியில் மறம் பிறவாது என்னும் எண்ணமன்றோ இதன் வேர்? உலகப் பொதுமை என்னும் பெயரால் நாமும் அதனை ஒப்புக்கொண்டால், கொன்றவன் பக்கமே நின்றவர் ஆவோம். ஊர்ப் பூசாரியும் மூதாட்டியும் சொல்லும் கதையில் காசி வருகிறதா, வரவில்லையா என்பதைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். அச்சுப்புத்தகம் படித்துச் சொல்பவர் வேறு, பாட்டி வாய்க் கேட்டவர் வேறு. யார் சொன்னது என்பதையும் உடன் குறிக்க.

இனி, மீளாத் தலைவனுக்கு இலக்கணம் எங்கே உள்ளது? தொல்காப்பியத்தில் உள்ளது. புறத்திணையியலில் வெட்சித்திணையின் பகுதியாக, ஆநிரைப் பூசலில் பட்ட மறவனுக்குச் செய்வனவற்றை ஆசிரியர் ஆறு படியாக வகுத்தார். கல்லைத் தேடிக் காண்பது காட்சி, அதனைக் கொள்வது கால்கோள், நீராட்டுவது நீர்ப்படை, பின் நடுதல், படையலிட்டுச் சிறப்பிக்கும் பெரும்படை, வாழ்த்தல். காம்பெலின் கதை மறவன் திரும்பியதும் முடிகிறது. நம் இலக்கணமோ மறவன் வீழ்ந்த இடத்தில் தொடங்குகிறது! நடப்பவர், தேடுபவர், சுமப்பவர் எல்லாரும் எஞ்சிய மக்களே.

இஃது ஏட்டளவில் நின்றதன்று. 2006-இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்ட நடுகற்களுள் ஒன்றில், தொல்காப்பியர் ஆண்ட ஆகோள் என்னும் சொல்லே தமிழி எழுத்தில் உள்ளது. தொலைவு போவானேன்? அரிமளத்தார் நாளும் சென்றுவரும் புதுக்கோட்டைக்கு அருகிலேயே, பொற்பனைக்கோட்டையிலும் தமிழி எழுத்துப் பொறித்த நடுகல் கிடைத்துள்ளது.

இளங்கோவடிகள் இம் முறையைப் பெண்ணுக்கு ஆக்கினார். வஞ்சிக்காண்டத்தின் காதைப்பெயர்களே காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்று அமைந்தன. புகாரினின்று புறப்பட்டவள் கண்ணகி. அவள் புகார்க்குத் திரும்பவில்லை. இமயம்வரை சென்று கல்கொண்டு மீண்டவன் செங்குட்டுவன். இறுதிக் காதையின் பெயரோ வரந்தரு காதை. மீண்டு வந்த தலைவன் கொணரும் பேறு என்று காம்பெல் சொன்னதை, மீளாதவள் கல்லில் நின்று தருகிறாள்.

பாவநாசத்தை அடுத்த காரையாற்றில், சொரிமுத்து ஐயனார் கோயிலில், முத்துப்பட்டன் பட்டவராயனாக நிற்கிறான். அவனுக்குப் படைப்பது பொன்னன்று, பூவன்று, தோற்செருப்பு. பூணூலை அறுத்தபின் அவன் கற்ற தொழில் அதுதானே! படைத்த செருப்பு அடுத்த ஆண்டு பார்க்கும்போது அடி தேய்ந்திருக்கும், இரவில் அவன் அணிந்து காவல் நடக்கிறான் என்று அங்குள்ள மக்கள் சொல்கின்றனர்.