பட்டன் வேலை செய்யவில்லையா? பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது?

 

பால் சங்கத்தில் முன்பு பெரிய பேரேட்டில் கணக்கு எழுதினார்கள். இன்று பல சங்கங்களில் கம்ப்யூட்டரில் பதிகிறார்கள். இத்தனை லிட்டர் பால், இவ்வளவு கொழுப்பு, இவ்வளவு பணம். எல்லாம் அதற்குள் இருக்கிறது. சில இடங்களில் ‘ஆக்சஸ்’ என்ற மென்பொருளில் இந்தக் கணக்கை வைத்திருப்பார்கள். மைக்ரோசாப்ட் கம்பெனி 1992-இல் வெளியிட்ட மென்பொருள் அது.

ஒரு சங்கத்தில் பால் பணம் பட்டுவாடா நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாய் பத்து நாள் பணம் வாங்க வருகிறார். அந்தப் பணத்தில்தான் மாட்டுக்குத் தீவனம் வாங்க வேண்டும். கணக்கு எழுதும் பெண் திரையில் ‘பில்’ என்ற பட்டனை மவுஸால் அழுத்துகிறாள். ஒரு சின்னப் பெட்டி எழும்புகிறது. அதில் ஆங்கில எழுத்து. கீழே ‘ஓகே’. உடனே ஓகேயை அழுத்துகிறாள். பெட்டி மறைகிறது. பில் வரவில்லை.

“கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு அக்கா. நாளைக்கு வாங்க.”

அந்தத் தாய்க்கு ஒரு நாள் கூலி போயிற்று. ஆனால் கம்ப்யூட்டர் கெட்டுப்போகவே இல்லை! அது ஒரு கடிதம் கொடுத்தது. படிக்காமலே கிழித்துப் போட்டார்கள். ஓகேயைக் கண்டால் கை தானாக அங்கே போகிறது. படித்தவர்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு.

பட்டனுக்குச் சொந்த புத்தி கிடையாது. அதற்குப் பின்னால் ஒருவர் கட்டளை எழுதி வைத்திருக்கிறார். ‘லிட்டரை எடு. கொழுப்பைப் பார். விலையைப் போடு. கூட்டு. அச்சடி.’ பட்டனை அழுத்தினால் இந்தக் கட்டளைகள் வரிசையாக நடக்கும். நடுவில் ஒன்று நடக்க முடியாவிட்டால், அந்த இடத்தில் நின்றுவிடும். ஏன் நின்றது என்று பெட்டியில் எழுதிக் காட்டும். பெரும்பாலும் ஓர் எண்ணும் இருக்கும். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் எண்ணைப் படிக்கலாம் அல்லவா? அதை நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். எந்த பட்டன், எந்த உறுப்பினர், என்ன நேரம் என்பதையும் எழுத வேண்டும். செல்போனில் படம் பிடித்தாலும் சரி. அதற்குப் பிறகு ஓகேயை அழுத்தலாம்.

அந்தப் பெட்டியில் 94 என்ற எண் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘இன்வேலிட் யூஸ் ஆஃப் நல்’ என்று எழுதியிருக்கும். ‘நல்’ என்றால் காலி. பூஜ்யம் வேறு, காலி வேறு. பூஜ்யம் என்றால் அளந்து பார்த்தோம், ஒன்றும் இல்லை என்று பொருள். காலி என்றால் யாரும் எழுதவே இல்லை. எழுதாததை எப்படிக் கூட்டுவது? அதனால்தான் கட்டளை நின்றது. அந்த உறுப்பினரின் பத்து நாள் வரிகளையும் பார்த்தால் போதும்.

“அக்கா, வியாழக்கிழமை காலை கொழுப்புக் கட்டம் காலியா இருக்கு. உங்க பால் அட்டையைக் காட்டுங்க.”

அட்டையில் 4.1 என்று இருக்கிறது. கட்டத்தில் அதை எழுதினால் பில் வந்துவிடும். யாரும் நாளைக்கு வர வேண்டியதில்லை. காலியாக விட்டால் ‘கொழுப்பு எழுதவில்லை’ என்று தமிழிலேயே சொல்லும்படி செய்யவும் முடியும். கட்டளை எழுதியவரிடம் அதைக் கேட்டு வாங்குவது சங்கத்தின் உரிமை.

3022 என்ற எண் வந்தால் வேறு விஷயம். ஒரே எண்ணை இரண்டு முறை பதியப் பார்க்கிறீர்கள் என்று பொருள். இரண்டு பேருக்கு ஒரே உறுப்பினர் எண் கொடுத்திருக்கலாம். அல்லது அவசரத்தில் பட்டனை இரண்டு தரம் அழுத்தியிருக்கலாம். இந்தப் பெட்டி தொந்தரவு இல்லை, காவல்காரன்! இந்தக் காவல் இல்லாத கணக்கில் ஒரு வேளைப் பால் இரண்டு வேளையாக ஏறிவிடும். ஆகவே பட்டன் பேசாவிட்டால் திரும்பத் திரும்பக் குத்தக் கூடாது.

சில நாள் பெட்டியே வராது. எந்த பட்டனை அழுத்தினாலும் அசையாது. அப்போது திரையின் மேல்பக்கம் பாருங்கள். மஞ்சள் நிறப் பட்டை தெரியும். கட்டளைகளைத் தடுத்து வைத்திருக்கிறேன் என்று அது சொல்கிறது. கெட்ட கட்டளைகள் கணக்கையே அழித்துவிடும் என்பதால் இந்தத் தடுப்பு. கோப்பு சங்கத்தினுடையதுதான், தெரிந்தவர் செய்ததுதான் என்று உறுதியானால் ‘எனேபிள் கன்டென்ட்’ என்பதை அழுத்தலாம். இணையத்திலிருந்து இறக்கிய கோப்பு என்றால் புதிய ஆக்சஸில் சிவப்புப் பட்டை வரும். அப்போது செய்தவரைக் கேட்காமல் தடையை நீக்கக் கூடாது.

ஒரே ஒரு பட்டன் மட்டும் ஊமையாகிவிட்டதா? யாராவது அதன் பெயரை மாற்றினார்களா என்று கேளுங்கள். கட்டளை பழைய பெயரிலேயே கிடக்கும். வீடு மாறியவருக்குப் பழைய விலாசத்தில் போன கடிதம் போலத்தான்.

எல்லா பட்டனிலும் ‘ஆன் கிளிக்’ என்று நீளமான செய்தி வருகிறதா? கட்டளைகளில் எங்கோ பிழை இருக்கலாம். கோப்பு பழுதாகியிருக்கலாம். வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றியதில் துணைக்கோப்பு ஏதாவது விட்டுப்போயிருக்கலாம். இதைத் தெரிந்தவர்தான் பார்க்க வேண்டும். ஆக்சஸிலேயே ‘காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்’ என்று பழுது பார்க்கும் வசதி இருக்கிறது. ஆனால் அதைத் தொடும் முன்பு எல்லோரும் வெளியே வந்து கோப்பை மூட வேண்டும். முழுக் கோப்பையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுக்க வேண்டும். அதில் தேதியை எழுதி ஒட்டிச் செயலாளரிடம் கொடுத்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் நாலைந்து பேரின் பால் அட்டையை வாங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்த்த பிறகே பட்டுவாடாவைத் தொடங்கலாம்.