கணித ஆசிரியர் உருவாகும் இடம்

(பயிற்சி ஆசிரியர்களும் கல்வித்துறை அலுவலர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)



1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, பள்ளிக் கல்வியின் முதல் பத்தாண்டுகளில் கணிதமும் அறிவியலும் அனைவருக்கும் கட்டாயப் பாடங்களாக இருத்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1968ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அக்கருத்தை ஏற்றது. நல்ல முடிவுதான். ஆனால் அதன் மறுபக்கத்தையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பில் கணிதத்தில் தவறிய மாணவர் ஒரு பாடத்தில் மட்டும் தோற்பதில்லை. பள்ளியிறுதிச் சான்றிதழைக் கேட்கும் ஒவ்வொரு வாயிலிலும் அவர் தடுக்கப்படுகிறார். ஆகவே, ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் கணித ஆசிரியர் ஏற்கும் பொறுப்பு மிகப் பெரிது.

இப்பணிக்கு வரும் வழி யாவரும் அறிந்ததே. கணிதத்தில் பட்டம், அதன்பின் கல்வியியல் பட்டம் என்பது வழக்கமான பாதை. 2015 முதல் கல்வியியல் பட்டப்படிப்பு இரண்டு ஆண்டுகளாயிற்று. அதில் பள்ளிகளில் பெறும் நேரடிப் பயிற்சிக்கு 20 வாரங்கள் ஒதுக்கப்பட்டன. பாட அறிவையும் கற்பிக்கும் முறையையும் நான்கு ஆண்டுகளில் இணைத்துப் பயிற்றும் திட்டமும் புதிதன்று. அஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய இடங்களில் 1963இல் தோன்றிய மண்டலக் கல்வியியல் கல்லூரிகள் அதற்கு முன்னோடிகள். 2030ஆம் ஆண்டிற்குள் நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த பட்டமே குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்பது 2020 தேசியக் கல்விக் கொள்கையின் நோக்கம்.

எனினும், பட்டங்கள் நம்மை வகுப்பறையின் வாயில் வரைதான் கொண்டுவந்து விடுகின்றன. கணித ஆசிரியர் உருவாகும் இடம் மாணவரின் நோட்டுப் புத்தகமே என்பது என் துணிபு.

நான் பணியேற்ற முதல் ஆண்டில், (அ+ஆ)வின் வர்க்கம் என்பதற்கு 'அவின் வர்க்கம் கூட்டல் ஆவின் வர்க்கம்' என்று வகுப்பில் பாதிப் பேர் எழுதியிருந்தனர். சிவப்பு மையால் அடித்து, சரியான சூத்திரத்தைப் பத்து முறை எழுதப் பணித்தேன். அடுத்த தேர்வில் அதே பிழை திரும்பி வந்தது. பிழை அவர்கள் கையில் இல்லை, எண்ணத்தில் இருந்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

பின்னர் கரும்பலகையில் பக்கம் 5 அலகு கொண்ட சதுரம் ஒன்றை வரைந்தேன். ஐந்தை 3, 2 எனப் பிரித்துக் கோடிட்டேன். முழுப் பரப்பு 25. மாணவர் கூறிய இரு சதுரங்களின் பரப்புகளோ 9, 4, கூட்டினால் 13தான். மீதி 12 எங்கே என்று வினவினேன். சற்று நேரம் அமைதி. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து வந்து, மூன்றுக்கு இரண்டு அளவுள்ள இரண்டு செவ்வகங்களைச் சுட்டிக் காட்டினாள். அன்று சூத்திரத்தை நான் சொல்லவில்லை, வகுப்பே சொல்லிற்று.

பிழையைத் திருத்துபவர் தேர்வாளர். பிழையின் காரணத்தைத் தேடுபவரே ஆசிரியர். குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே கணிதக் கல்வியின் தலையாய நோக்கம் என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பு கூறியதும் இதன்பொருட்டே.

ஆசிரியர் தாமும் கணிதம் செய்துகொண்டிருத்தல் வேண்டும். நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்து 1962இல் ஓய்வு பெற்ற டி.ஆர். கப்ரேகர் முதுகலைப் பட்டம் பெறாதவர். எண்களோடு விளையாடுவதை மட்டும் அவர் விட்டதில்லை. 3524 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழித்தால், 5432 கழித்தல் 2345, அதாவது 3087. மீண்டும் அவ்வாறே செய்தால் 8352, மறுமுறை 6174. அதன்பின் எண் மாறுவதில்லை. இலக்கங்கள் நான்கும் ஒன்றாக இல்லாத எந்த நான்கிலக்க எண்ணும் ஏழு படிகளுக்குள் அங்கு வந்தடையும். இதைச் செய்து பார்க்கக் கழித்தல் தெரிந்தால் போதும். கணிதத்தைக் கண்டு அஞ்சும் மாணவனும் இதற்குப் பென்சிலை எடுப்பான்.

அலுவலர்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளியைப் பார்வையிடும்போது எத்தனை பாடங்கள் முடிந்தன என்று கேட்பதோடு, மாணவர் எந்தப் பிழையை மீண்டும் மீண்டும் செய்கின்றனர் என்றும் கேளுங்கள். அருகருகே உள்ள பள்ளிகளின் கணித ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடி, நோட்டுப் புத்தகங்களைப் பரப்பி வைத்துப் பேச வாய்ப்பளியுங்கள். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

பயிற்சி ஆசிரியர்களே, உங்கள் முதல் வகுப்பில் தவறான விடை ஒன்று நிச்சயம் வரும். அதை அழிக்க விரையாதீர்கள். "எப்படி இவ்விடை கிடைத்தது?" என்று கனிவோடு கேளுங்கள். உங்கள் ஆசிரியப் பணி அக்கேள்வியில்தான் தொடங்குகிறது.