வரம்பு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி

இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே,

செயற்கைக்கோள் படங்களைக் கையாளும் மென்பொருள் எழுதுவது என் தொழில். அதில் ஒரே ஒரு சங்கதியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். 'இதற்குக் கீழே வந்தால் நம்பாதே', 'இதற்கு மேல் போகவே போகாது' என்று நிரலுக்குள் எண்களை எழுதி வைக்கிறோமே, அந்த வரம்பு எண்களைப் பற்றி.

1978-இல் நாசா நிம்பஸ்-7 செயற்கைக்கோளை ஏவியது. அதிலிருந்த டாம்ஸ் கருவி, பூமியிலிருந்து சிதறித் திரும்பும் புறஊதா ஒளியை அளந்தது. அதைக் கொண்டு ஓசோன் அளவைக் கணக்கிட்டது தரையிலிருந்த மென்பொருள். விடை 180 டாப்சன் அலகுக்குக் கீழே போனால், அதைச் சந்தேகத்துக்குரியது என்று குறித்து வைக்கும்படி நிரலில் எழுதியிருந்தார்கள். நியாயமான எண்தான். அதுவரை அவ்வளவு குறைவாக யாரும் எங்கும் அளந்ததில்லை. 1983 அக்டோபரில் அண்டார்டிகா மேல் எடுத்த அளவுகளில் அந்தக் குறிகள் குவிந்துகிடந்தன.

ஓசோன் துளையை மென்பொருள் குப்பையில் போட்டுவிட்டது, நாசா கோட்டைவிட்டது என்றொரு கதை உண்டு. உங்கள் வகுப்பிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். கேட்கச் சுவையாக இருக்கும். ஆனால் நடந்தது அப்படியல்ல. டாம்ஸ் குழுவினர் 1984-இலேயே அந்தக் குறிகளைக் கவனித்தார்கள். சரிபார்க்கத் தென் துருவ நிலையத்தின் பதிவை எடுத்துப் பார்த்தார்கள். அதில் 300-ஐ ஒட்டிய எண் இருந்தது. செயற்கைக்கோள்தான் பிசகுகிறது என்று எவருக்கும் தோன்றும் இடம் அது. தரையில் எடுத்த அளவுதான் தவறு என்பது பின்னால்தான் தெரிந்தது. இதற்கிடையில் 1985 மே மாதம் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற மூன்று பிரிட்டிஷ் விஞ்ஞானிகள், அண்டார்டிகாவின் ஹாலி நிலையத்தில் பழைய டாப்சன் கருவியால் ஆண்டுக்கணக்கில் எடுத்த அளவுகளை 'நேச்சர்' இதழில் வெளியிட்டுவிட்டார்கள்.

முந்திக்கொண்டது யார் என்பது எனக்கு முக்கியமில்லை. நாசாவின் நிரல் சந்தேகப்பட்டதே தவிர, எதையும் அழிக்கவில்லை. மூலத் தரவு அப்படியே இருந்தது. அதனால் பழைய ஆண்டுகளுக்குத் திரும்பிப் போய் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க முடிந்தது. ஹாலி நிலையம் காட்டியது ஓரிடத்தின் கதை. அந்தக் குறைவு ஒரு கண்டத்தையே மூடியிருக்கிறது என்று படமாகக் காட்டியது நிம்பஸ். குறித்து வைப்பதற்கும் அழித்துவிடுவதற்கும் நிரலில் ஒரு வரிதான் வித்தியாசம். அந்த ஒரு வரியை எழுதும்போது யாரும் கைதட்டுவதில்லை.

இதற்கு நேர் எதிரான கதை, ஏரியான்-5 என்ற ஐரோப்பிய ராக்கெட்டுடையது. 1996 ஜூன் 4. முதல் பயணம். சுமார் 40 நொடியில் ராக்கெட் சிதறியது. அதிலிருந்த நான்கு கிளஸ்டர் ஆய்வுச் செயற்கைக்கோள்களும் போயின. கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஓர் எண்ணை 64 பிட்டிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது, அது 32,767-ஐத் தாண்டிவிட்டது. முதன்மைக் கணினியிலும் மாற்றுக் கணினியிலும் ஓடியது ஒரே நிரல்தான், ஆகவே இரண்டும் ஒரே காரணத்தால் படுத்துவிட்டன. அந்த நிரல் முந்தைய ஏரியான்-4 ராக்கெட்டிலிருந்து எடுத்தது. அதில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வாய்ப்பே இல்லை. ஏரியான்-5-இன் பாதை வேறு, வேகம் வேறு. அந்தக் கணக்கு, ராக்கெட் கிளம்பிய பிறகு ஏரியான்-5-க்குத் தேவையே இல்லை என்பதுதான் இதில் கொடுமை.

விசாரணைக் குழுவின் அறிக்கையை நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஏழு எண்களில் நான்குக்குக் காவல் போட்டிருந்தார்கள், மூன்றை விட்டுவிட்டார்கள். கணினியின் பளு கூடக் கூடாது என்பதால் கூடிப் பேசி எடுத்த முடிவு அது. கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால் ஏன் விட்டார்கள் என்ற காரணம் நிரலில் ஓரிடத்திலும் இல்லை. பழைய நிரலை எடுத்துக்கொண்டவர்களுக்கு முடிவு மட்டும் வந்து சேர்ந்தது. காரணம் வரவில்லை.

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். நம் காவிரி டெல்டாவுக்கு வருவோம். சம்பா பயிர் நிற்கும் மாதங்களில் வானம் முழுக்க மேகம். சாதாரண கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் மேகத்தை ஊடுருவி எடுக்கும் ரேடார் படங்களைக் கொண்டு நெல் பரப்பைக் கணக்கிட்டது. தண்ணீர் கட்டிய வயல் ரேடார் அலையை வேறு பக்கம் தெறிக்க விடும். படத்தில் கறுப்பாகத் தெரியும். பயிர் வளர வளர வெளுக்கும். முதலில் இருட்டு, பிறகு வெளிச்சம் என்றால் நெல் என்று நிரல் முடிவு செய்யும். எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்பதற்கு எண்ணை வைக்கப்போவது உங்களைப் போன்ற ஒருவர்.

புழுதியில் நேரடியாக விதைத்த வயலில் தொடக்கத்தில் தண்ணீரே நிற்காது. அங்கே அந்த இருட்டைத் தேடினால் கிடைக்குமா? டெல்டாவில் நிலத்தை மா கணக்கில் பேசுவார்கள். ஒரு மா நிலம் 10 மீட்டர் பிக்சலில் பதின்மூன்று சொச்சம் கட்டங்கள்தான். அவற்றில் பல, வரப்பையும் பக்கத்து வயலையும் கலந்து காட்டும். பயிர்க் காப்பீட்டுக்கு இப்படிப்பட்ட கணக்கைப் பயன்படுத்தும்போது, 'இங்கே பயிர் செய்யவில்லை' என்ற விடை ஒரு குடும்பத்தின் அந்த ஆண்டுச் செலவைத் தொடும். அந்த விவசாயிக்கு உங்கள் ரேடார் கணக்கு புரிய வேண்டியதில்லை. ஆனால் அவர் ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு நிரலில் காரணம் இருக்க வேண்டும்.

அடுத்த வாரம் வேலையில் சேர்ந்ததும், வேறு யாரோ எழுதிய நிரலைத்தான் உங்கள் கையில் கொடுப்பார்கள். அது ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மேலே போய்விடாதீர்கள். முதலில் அதிலுள்ள எண்களைத் தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இது எங்கிருந்து வந்தது, எந்த நிலத்துக்கு, எந்தக் கருவிக்குப் பொருந்தும் என்று இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. 'சரி செய்யப்பட்டது' என்று ஒற்றை வரிக் குறிப்பு இருக்கும். எதை, ஏன் என்று இருக்காது. எழுதியவர் பக்கத்து அறையில்தான் இருப்பார். அவர் ஓய்வுபெறுவதற்குள் போய்க் கேளுங்கள். கேட்டதை உங்கள் பெயரோடும் தேதியோடும் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.