பட்ட மரத்தில் வளரும் ஜெல்லிக் காளான்கள்



வடபழனி முன்னாளில் வயலும் தோப்பும் சூழ்ந்த கிராமம். இன்று அங்கே வீடுகள் நெருங்கிவிட்டபோதிலும், கொல்லைப்புறத்து முருங்கையும் விறகுக் குவியலும் பழைய வீடுகளின் மர நிலைகளும் முற்றும் ஒழிந்துவிடவில்லை. 2016ஆம் வருஷம் டிசம்பர் 12ந் தேதி வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அவ்வாறு வீழ்ந்து பட்டுப்போன கட்டைகளே ஜெல்லிக் காளான்களுக்கு இருப்பிடம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவை தோன்றும். வெயிலில் சுருங்கிச் சருகு போலாகும். மறுமழையில் மீண்டும் உப்பிவிடும்.

இவற்றைப் பிசினென்று எண்ணி ஏமாறுவோர் உண்டு. பிசின் உயிருள்ள பட்டையின் காயத்தினின்று கசிவது. அதற்கு நிலையான உருவமில்லை. ஐயமெழுந்தால் காய்ந்த துண்டொன்றைக் கிண்ணத்து நீரில் இட்டுப் பார்க்கலாம். பிசின் குழைந்து உருவழியும்; காளானோ தன் பழைய வடிவத்தை அடையும். இச்சோதனைக்குக் காசு செலவில்லை.

ஆரிக்குலேரியா என்னும் மரக்காது, பெயருக்கேற்பக் காதுமடல் போன்றது. பழுப்பு நிறம், ரப்பரைப் போன்ற பதம், புறத்தே நுண்ணிய மயிர். ட்ரெமெல்லா ஃபுசிஃபார்மிஸ் வெண்மையானது, கண்ணாடி போன்ற மடிப்புக்களுடையது. விந்தை யாதெனில், அது மரத்தைத் தின்பதில்லை. மரத்தைத் தின்னும் வேறொரு பூஞ்சையைத் தின்று பிழைக்கிறது. இவ்விரண்டையும் சீனர் பயிரிட்டு உண்கின்றனர். அதனைக் கேட்டு, கண்ட கட்டையில் முளைத்ததைப் பறித்துச் சமைத்தல் தகாது. வர்ணமும் பூச்சி மருந்தும் பூசிய பழைய மரத்திலும் காளான் முளைக்கும். தேர்ந்தவர் பார்த்துச் சொல்லாததை உண்ணலாகாது.

வீட்டுக்காரர் முக்கியமாய் அறியவேண்டியது டாக்ரியோபினாக்ஸ் ஸ்பாத்துலேரியா. ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத்தில், ஓரிரு சென்டிமீட்டர் உயரத்தில், சிறு கரண்டிகளை நட்டாற்போல் மர வெடிப்புக்களில் வரிசையாய் நிற்கும். ஜன்னல் சட்டத்திலும் வாசல் நிலையிலும்கூட வரும். அழகாயிருக்கிறதென்று விட்டுவிடுவர், துடைத்தெறிந்து வர்ணம் அடிப்பாரும் உளர். இரண்டும் வீண். மரத்தினுள் ஈரம் தங்கி உளுத்தல் தொடங்கியதற்கு அதுவே அடையாளம். ஆணி முனையால் குத்திப் பார்க்க. எளிதில் இறங்கினால் அப்பகுதியை அறுத்து மாற்றுவதே வழி. மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைந்திருக்குமாயின் காளான் வளராது. ஆகையால் முதலில் ஓட்டின் ஒழுக்கையும் சுவரில் ஏறும் ஈரத்தையும் அடைத்தல் வேண்டும்.

விறகை எடைபோட்டு வாங்குவோரும் இதனைக் கவனிப்பது நலம். காளான் செழித்த கட்டை எரியும் சக்தியை இழந்து நீரை உறிஞ்சியிருக்கும். நீரின் எடைக்கும் விலை கொடுக்க நேரும்.