அழுத பிள்ளைக்குத்தானே பால்!



"கற்றல் குறைபாடு இருக்குன்னு ஆபீசில் சொல்லாதே, கேலி பண்ணுவாங்க" என்றார் எதிரணி அம்மா. சரிங்கம்மா, சொல்லாவிட்டால் மட்டும் மாலை போட்டு வரவேற்கிறார்களா? (சிரிப்பு)

டிஸ்லெக்சியா உள்ள தம்பி ஒருவன் கணக்குப் பிரிவில் இருக்கிறான் என்று வையுங்கள். ஒரு பக்கக் கடிதத்தை மூன்று தடவை படிக்கிறான். 56 என்பதை 65 என்று எழுதிவிடுகிறான். காரணம் தெரியாத பக்கத்து சீட்டுக்காரர் என்ன சொல்வார்? "சோம்பேறி! வேலையில அக்கறையே இல்லை!" அறிவில் குறையில்லை ஐயா, எழுத்தோடுதான் அவனுக்கு மல்லுக்கட்டு! இருக்கிற குறையை மறைத்து, இல்லாத குறைக்குப் பேர் வாங்கணுமா? (கைதட்டல்)

ஊரைக் கூட்டித் தம்பட்டம் அடிக்கச் சொல்லவில்லை. மேலதிகாரியிடமும், கூட வேலை பார்ப்பவரிடமும் சொன்னால் போதும். "அண்ணே, நான் எழுதின நம்பரை வாசிக்கிறேன், நீங்க சரிபாருங்க." இவ்வளவுதானே!

"வேலை போயிட்டா?" என்று கேட்டார்கள். நியாயமான பயம். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஊனங்கள் 7தான். கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21. அதில் இதுவும் உண்டு. அரசு அலுவலகங்களில் பாகுபாடு கூடாது, தேவையான வசதி செய்து தரவேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஆனால் வாயைத் திறந்து கேட்டால்தானே வசதி வரும்? அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்?

எனவே, சொல்வதே நல்லது, சொல்வதே வழி என்று கூறி அமர்கிறேன்.