மனநோயும் யோகாசனமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆசனம் என்றால் முதுகுவலிக்கும் நீரிழிவுக்கும் உரியது என்று எண்ணிப் பழகிவிட்டோம். மனச்சிதைவு நோய்க்கும் அது துணை செய்யுமா என்பதை நம் பெங்களூரிலேயே, ஓசூர்ச் சாலை நிம்ஹான்ஸ் நிலையத்தில் ஆராய்ந்திருக்கின்றனர். அவ்வழியே நாள்தோறும் பேருந்தில் செல்கின்றோம். அவ்வாயிலைக் கண்டதும் நம்மில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் உண்டு.

மருந்து உட்கொண்டுவந்த 61 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு யோகமும் மற்றவர்க்கு உடற்பயிற்சியும் கற்பித்தனர். மருந்து இருசாரார்க்கும் தொடர்ந்தது. நான்கு திங்களுக்குப் பின் யோகம் பயின்றோரே மிகுதியும் தேறியிருந்தனர். 2007-ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. 2012-இல் வெளியான, 120 பேரைக் கொண்ட ஆய்வும் இதனை ஒட்டியே அமைந்தது.

இதன் பயனைச் சற்று விளக்குதல் வேண்டும். காதில் ஒலிக்கும் பொய்க்குரல்களையும் வீண் ஐயங்களையும் மாத்திரை தணிக்கும். ஆனால் பேச்சுக் குன்றி, ஊக்கம் இழந்து, மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் நிலையை அது அவ்வளவாக மாற்றுவதில்லை. பெற்றோரை உருக்குவது இந்நிலையே. "வேலைக்குப் போகாத சோம்பேறி" என்று பிள்ளையை ஏசுகிறோமே, அது சோம்பலன்று; நோயின் கூறு. யோகம் கைகொடுத்ததும் இவ்விடத்திலேதான்.

நிற்க. அளவுக்கு மீறிப் புகழவும் வேண்டா. இவை சிறிய ஆய்வுகள். காக்ரேன் குழுவினரின் தொகுப்பாய்வுகள் சான்று இன்னும் வலுப்பெறவில்லை என்றே கூறின. யோகம் இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்தினால் நோய் மீண்டும் மூளும். கண்மூடித் தியானத்தில் ஆழ்வது சிலர்க்கு மனக்குழப்பத்தைப் பெருக்கக் கூடும். ஆதலால் நிம்ஹான்ஸ் பயிற்சியில் தியானத்தைச் சேர்க்கவில்லை. எவரோ கூறினார் என்று பிள்ளையைத் தியான முகாமில் விட்டுவரும் அன்பர்கள் இதனைக் கருத வேண்டும்.

மறைத்து வைப்பதன் விளைவை நம் தமிழகம் கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்டு 6-இல் ஏர்வாடியில் மூண்ட தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். உற்றார் கொண்டுபோய் விட்டவர்களே அவர்கள்.

நம் காலனியிலும் இத்தகைய இல்லங்கள் இருக்கலாம். பெயர் கேட்கப் போவதில்லை. மருத்துவரைக் கலந்து, மாத்திரையை விடாது, பயிற்சி பெற்றவரிடம் கற்கட்டும். வீட்டார் ஒருவரும் பக்கத்தில் பாய் விரித்து உடன் பயிலட்டும். நோயாளியைப் பேணும் உறவினர்க்கு யோகம் கற்பித்த சிற்றாய்வொன்றும் 2013-இல் நிம்ஹான்ஸிலிருந்து வந்தது; அவர்தம் மனச்சுமையும் குறைந்ததாம்.