காசு கேட்கும் கேபிள், காதுக்குக் கேட்குமா?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்றைக்கு நேயர் ஒருவர் அனுப்பிய கேள்வியிலிருந்தே நேராகத் தொடங்கிவிடுகிறேன். திருச்சிக்காரர், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கையில் வந்த பணத்தில் ஒன்றரை லட்சத்தை ஒதுக்கி, ரொம்ப நாள் ஆசையாக ஒரு நல்ல ஸ்டீரியோ செட் வாங்கப் போகிறார். ஆம்ப், ஸ்பீக்கர் எல்லாம் பேசி முடித்தாயிற்று. கடைசி நேரத்தில் கடைக்காரர், “சார், இந்த செட்டுக்குப் போய் சாதா ஒயர் போட்டீங்கன்னா எல்லாமே வேஸ்ட். கேபிளுக்கு மட்டும் இருபத்தஞ்சாயிரம் ஒதுக்குங்க” என்றிருக்கிறார். அப்படி ஒதுக்கினால் ஸ்பீக்கரில் ஒரு மாடல் கீழே இறங்க வேண்டும். இறங்கலாமா என்பதுதான் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிடறேன்: இறங்காதீங்க சார். ஏன் என்பதற்குத்தான் மீதி நேரம்.

ஸ்பீக்கர் கேபிளுக்கு இருப்பது ஒரே வேலை. ஆம்ப் தரும் மின்சாரத்தை ஸ்பீக்கருக்குக் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவர வேண்டும். வழியில் எவ்வளவு தடுக்கிறது என்பதுதான் முக்கியமான கணக்கு. வீட்டில் பிளக் பாயிண்டுக்குப் போடும் 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரையே எடுத்துக்கொள்வோம். அதன் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.0074 ஓம். ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 10 மீட்டர், அதாவது 0.074 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம். நூறில் ஒரு பங்குகூட இல்லை. சத்தத்தில் இதனால் குறைவது 0.08 டெசிபல். எந்தக் காதும் இதைப் பிடிக்காது.

இதே இடத்தில் 0.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் போட்டால் கதை வேறு. மின்தடை 0.39 ஓம் ஆகிவிடும். பெட்டியில் 4 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லா சுருதியிலும் 4 ஓமாகவே இருப்பதில்லை. ஓரிடத்தில் 3 ஓமுக்கு இறங்கும், இன்னோரிடத்தில் 20 ஓமுக்கு ஏறும். 3 ஓம் இருக்கும் இடத்தில் ஒரு டெசிபல் போய்விடும், 20 ஓம் இருக்கும் இடத்தில் 0.2 டெசிபல்கூடப் போகாது. ஆக மொத்தச் சத்தம் மட்டும் குறையவில்லை, குரலின் சாயலே கொஞ்சம் மாறுகிறது. கவனித்துக் கேட்பவருக்கு இது தெரியலாம். அதனால் “கேபிள்ல எந்த வித்தியாசமும் கிடையாது, எல்லாம் டுபாக்கூர்” என்று ஒரே போடாகப் போடுபவர்களோடும் நான் இல்லை. மெல்லிய ஒயருக்கும் தடித்த ஒயருக்கும் வித்தியாசம் உண்டு. தடித்த சாதா ஒயருக்கும் தடித்த விலையுயர்ந்த ஒயருக்கும் உண்டா என்பதுதான் கேள்வி.

1983-லேயே அமெரிக்காவின் ‘ஸ்டீரியோ ரெவ்யூ’ இதழுக்காக லாரி கிரீன்ஹில் இதைச் சோதித்துப் பார்த்தார். அப்போது புதிதாகப் பேர் வாங்கியிருந்த மான்ஸ்டர் கேபிள், சாதாரண 16 கேஜ் ஒயர், ரொம்ப மெல்லிசான 24 கேஜ் ஒயர். மெல்லிசான ஒயரை மட்டும் ‘ஸ்ஸ்ஸ்’ என்ற பிங்க் நாய்ஸ் இரைச்சலை ஓடவிட்டபோது பிரித்துச் சொல்ல முடிந்தது. கூட்டுப் பாடலை ஓடவிட்டதும் முடியவில்லை. மேலே போட்ட கணக்குக்கு இது நன்றாகவே ஒத்துப்போகிறது.

இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் எடுத்துவிடுவது 2007-ல் நடந்த ஜேம்ஸ் ராண்டி சவாலை. மந்திரம் மாயம் என்று சொல்பவர்களைச் சோதிப்பதற்காக 10 லட்சம் டாலர் பரிசு வைத்திருந்தவர் அவர். பியர் என்ற நிறுவனத்தின் 12 அடி ஜோடி கேபிள் 7,250 டாலருக்கு விற்றது. அதைச் சாதாரணக் கேபிளிலிருந்து காதால் பிரித்துக் காட்டினால் அந்தப் பரிசு என்றார். மைக்கேல் ஃபிரெமர் என்ற பிரபல ஆடியோ விமர்சகர் நான் தயார் என்று வந்தார். ஆனால் கேபிள் நிறுவனம் விலகிக்கொண்டது, பேச்சுவார்த்தை இழுத்து, கடைசியில் சோதனை நடக்கவே இல்லை. “பார்த்தீங்களா, பயந்துட்டாங்க” என்று ஒரு தரப்பும், “ராண்டிதான் நழுவிட்டார்” என்று இன்னொரு தரப்பும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. நடக்காத மேட்சில் யார் ஜெயித்தார்கள் என்று என்ன பேச்சு? நான் இதை என் பக்கத்துச் சாட்சியாக எடுப்பதில்லை.

எனக்கு முக்கியமான ஆராய்ச்சி கேபிளைப் பற்றியதே அல்ல. 1994-ல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் ஹார்மன் நிறுவனத்தில் 40 பேரை உட்காரவைத்து ஸ்பீக்கர்களுக்கு மார்க் போடச் சொன்னார்கள். ஸ்பீக்கரைத் திரை போட்டு மறைத்து ஒரு தடவை, மறைக்காமல் ஒரு தடவை. கண்ணுக்குத் தெரிந்தபோது பெரிய, விலை அதிகமான ஸ்பீக்கர்களுக்கு மார்க் ஏறியது, சின்னதுக்கு இறங்கியது. இது எதிர்பார்த்ததுதான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அடுத்த விஷயம். ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றி வைத்தால் சத்தம் நிஜமாகவே மாறும். திரைக்குப் பின்னால் இருந்தபோது அந்த மாற்றத்தை அவர்கள் மார்க்கில் காட்டினார்கள். கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டபோது கிட்டத்தட்டக் கண்டுகொள்ளவே இல்லை. அதாவது பார்வை இல்லாத வித்தியாசத்தைச் சேர்ப்பதோடு நிற்பதில்லை, இருக்கிற வித்தியாசத்தையும் மறைத்துவிடுகிறது.

ஸ்பீக்கருக்கே இந்த நிலைமை. ஸ்பீக்கர்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் மலையளவு. கேபிளில் இருப்பது, இருந்தால், கடுகளவு.

என் மச்சான் ஒருத்தர் இருக்கார். மனைவியின் அண்ணன். கச்சேரி கேட்டே வளர்ந்த காது, சும்மா சொல்லக்கூடாது. முப்பத்தெட்டாயிரத்துக்கு ஒரு ஜோடி கேபிள் வாங்கிவந்து, “மாப்ள, தம்புரா தனியா பின்னாடி நிக்குது, வயலின் முன்னாடி வந்துருச்சு, வந்து கேளு” என்றார். நான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் பனானா பிளக் மாட்டி எடுத்துப்போனேன். ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து இரண்டு கேபிளிலும் வோல்டேஜ் ஒன்றுதானா என்று முதலில் பார்த்துக்கொண்டோம். இது ரொம்ப முக்கியம். 2.00 வோல்ட்டுக்கும் 2.02 வோல்ட்டுக்கும் இடையே இருப்பது ஏறக்குறைய 0.1 டெசிபல். அதற்குள் இருக்க வேண்டும். ஏனென்றால் கொஞ்சம் சத்தம் கூடினால் அதை நாம் சத்தம் என்று உணர மாட்டோம், ‘தெளிவு’ என்று உணர்வோம்.

ஆம்புக்கு முன்னால் பெட்ஷீட் கட்டியாயிற்று. மச்சானின் மகள் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றுக்கும் காசு சுண்டி, தலையா பூவா என்பதற்கேற்ப ஒரு கேபிளை மாட்டி, நோட்டில் எழுதிக்கொண்டாள். எந்தக் கேபிள் என்று எனக்கும் தெரியாது. தெரிந்தால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அவருக்குப் பிடித்த அதே ரெக்கார்டிங், அவரே வைத்த வால்யூம். மொத்தம் 16 சுற்று. 12 சரியாகச் சொன்னால் அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க நூறில் நாலு வாய்ப்புதான். அதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம்.

அவர் சரியாகச் சொன்னது 9. காசு சுண்டிச் சொல்லியிருந்தாலே 8 வந்திருக்கும்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ நான் கேட்டது என்ன மாப்ள?” என்றார். நியாயமான கேள்வி. அவர் பொய் சொல்லவில்லை. தம்புரா அவருக்குத் தனியாகக் கேட்டதும் நிஜம். ஒரே பாட்டை இரண்டாவது தடவை கவனித்துக் கேட்கும்போது முதல் தடவை விட்டது காதில் விழும். புதுக் கேபிள் மாட்டிய அன்று நாம் எல்லோருமே கவனித்துத்தான் கேட்கிறோம். இன்னொன்றும் இருக்கிறது. பழைய கேபிளைப் பிடுங்கிப் புதியதைச் செருகும்போது, பிளக்கில் படிந்திருந்த களிம்பு உராய்ந்து போய்விடும். சென்னை மாதிரி உப்புக்காற்று ஊரில் இது உண்மையிலேயே சத்தத்தைச் சரிசெய்யும். அந்தப் பெருமை புதுக் கேபிளுக்குப் போய்விடுகிறது. பழையதையே பிடுங்கித் திரும்பச் செருகியிருந்தாலும் அதே பலன் கிடைத்திருக்கும்.

எங்கள் சோதனையில் ஓட்டை இல்லையா? இருக்கிறது. ஒவ்வொரு தடவை மாற்றவும் அரை நிமிஷம் ஆனது. சத்தத்தின் நுணுக்கம் நினைவில் நிற்பது சில வினாடிதான். அதனால்தான் ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு பட்டனில் மாற்றும் ஏபிஎக்ஸ் பெட்டி வைத்துச் செய்கிறார்கள். ஆகவே ரொம்ப நுண்ணிய வித்தியாசம் இருந்து எங்களுக்குத் தப்பியிருக்கலாம். ஆனால் கடையில் “நுண்ணிய வித்தியாசம்” என்று யாரும் விற்பதில்லையே. “திரை விலகின மாதிரி இருக்கும் சார்” என்றுதான் விற்கிறார்கள். விலகின திரை அரை நிமிஷத்தில் மறந்துபோகுமா? “சோதனைன்னாலே டென்ஷன், காது வேலை செய்யாது” என்பார்கள். சரி, ஒரு வாரம் வீட்டிலேயே வைத்து, எந்தக் கேபிள் என்று தெரியாமல் நிதானமாகக் கேட்டுச் சொல்லட்டும். அதற்கும் தடையில்லை.

வெள்ளிக் கம்பி, அம்புக்குறி எல்லாம் சுருக்கமாக. வெள்ளி செம்பைவிட ஐந்தாறு சதவீதம் நன்றாகக் கடத்தும். செம்பு ஒயரை அந்த அளவு தடிமனாக வாங்கினால் கணக்குத் தீர்ந்தது. ஸ்பீக்கருக்குப் போவது முன்னும் பின்னும் ஓடும் மின்சாரம், அதற்கு ஒருவழிப் பாதை கிடையாது. ஒரு முனையில் மட்டும் ஷீல்டு இணைத்த கேபிளில் அம்புக்குறிக்கு அர்த்தம் உண்டு, ஸ்பீக்கர் ஒயரில் இல்லை.

கேபிள் நிஜமாகவே பேசும் இடங்களும் இருக்கின்றன. எலக்ட்ரிக் கிடார் வாசிப்பவரைக் கேளுங்கள். கிடார் கேபிளில் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் அளவில் கெப்பாசிட்டன்ஸ் இருக்கும். நீளம் கூடக் கூட மேல் சுருதி மங்கும். பிக்கப் அவ்வளவு பலவீனமான மூலம் என்பதால் இது காதுக்கே தெரியும். ரெக்கார்டு பிளேயரில் மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்கு. சபாவில் மேடையிலிருந்து மிக்சருக்கு இழுக்கும் மைக் லைன் ‘பேலன்ஸ்டு’ கேபிளாக இல்லாவிட்டால் ஊர் கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸ் ஹம்மும் சேர்ந்து கச்சேரி செய்யும். கவனியுங்கள், இந்த மூன்றுக்கும் தேவை சரியான வகைக் கேபிள். நல்லதே நியாய விலையில் கிடைக்கும்.

மச்சான் கேபிளைக் கழற்றவில்லை. “பார்க்க லட்சணமா இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்” என்றார். அவர் காசு, அவர் சந்தோஷம், எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் திருச்சி சார் நிலைமை வேறு. அவர் கேபிளுக்காக ஸ்பீக்கரைக் குறைக்கிறார். திரைக்குப் பின்னாலும் தெரியும் வித்தியாசத்தை விற்று, கண்ணைத் திறந்தால் மட்டும் தெரிவதை வாங்குகிறார். சார், நினைத்த ஸ்பீக்கரையே வாங்குங்கள். 2.5 ஸ்கொயர் எம்எம் டூ-கோர் செம்பு ஒயரைத் தேவையான நீளத்துக்கு வாங்கி, முனையை நன்றாக முறுக்கி மாட்டுங்கள். செம்பு பூசிய அலுமினியமும் செம்பு மாதிரியே இருக்கும், கேட்டு வாங்குங்கள். ஹாலில் மொசைக் தரை, வெறும் சுவர் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு கம்பளமும் கனமான திரைச்சீலையும் போட்டுப் பாருங்கள். அந்த வித்தியாசத்துக்குப் பெட்ஷீட் கட்டிச் சோதிக்க வேண்டியிருக்காது.

இன்னொரு நேயர் ஹெச்டிஎம்ஐ கேபிள் பற்றிக் கேட்டிருந்தார். அதில் ஓடுவது எண்கள். சரியாகப் போய்ச் சேர்ந்தால் படம் அதேதான், நிறம் கூடாது, கறுப்பு ஆழமாகாது. சேராவிட்டால் புள்ளி தெறிக்கும், திரை அணைந்து அணைந்து வரும், உங்களுக்கே தெரிந்துவிடும். 4கே 120 ஹெர்ட்ஸ் கேம் ஆடுபவர் என்றால் ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ சான்று லேபிள் ஒட்டியதாகப் பார்த்து வாங்குங்கள். லேபிளில் இருக்கும் கியூஆர் கோடை ஃபோனில் ஸ்கேன் செய்தால் அசலா என்று தெரியும். டிவியும் கேம் பெட்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இரண்டு மீட்டரே போதும்.